ஒரு பைசாவும் ஆயிரம் அடியும்

பொருளாதாரத்தைப் பாடமாக எடுத்த எல்லாருக்கும் ஏதோ ஒரு நாள் இந்தத் தண்ணீர்-வைரக் கதை வந்தே தீரும். 1776ல் ஆடம் ஸ்மித் தன் புத்தகத்தில் எழுப்பிய கேள்வி. தண்ணீர் இல்லாமல் யாரும் உயிர் வாழ முடியாது, ஆனால் அதற்கு விலையே இல்லை. வைரத்தால் பெரிய உபயோகம் ஒன்றும் இல்லை, அதற்குப் போய் அவ்வளவு விலை. ஏன்? அடுத்த நூறு வருஷம் கழித்து 1870களில் ஜெவன்ஸ், மெங்கர், வால்ரா என்று மூன்று பேர், தனித்தனியாக, கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொன்னார்கள். மொத்தத் தண்ணீரின் பயனைப் பார்க்காதே, இன்னும் ஒரே ஒரு குடம் அதிகமாகக் கிடைத்தால் அதனால் என்ன பயன் என்று பார். தண்ணீர் நிறைய இருப்பதால் அந்தக் கடைசிக் குடத்துக்கு மதிப்பில்லை. வைரம் கொஞ்சமே இருப்பதால் அதன் கடைசிக் கல்லுக்கும் மதிப்பு உண்டு. பிளஸ் ஒன் புத்தகத்தில் 'இறுதிநிலைப் பயன்பாடு' என்று நீங்களும் நானும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்தோமே, அதே சமாச்சாரம்தான்.

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இந்தக் கதையை எங்கள் அப்பிச்சியிடம் சொன்னேன். (அம்மாவின் அப்பா. கொங்கு நாட்டுக்கு வெளியிலிருந்து படிக்கிறவர்களுக்காக.) அன்னூர் பக்கம் ஒரு கிராமம். நாலு ஏக்கர் தோட்டம், ஒரு பழைய கிணறு, மூன்று போர். அந்த மூன்றில் தண்ணீர் வருவது ஒன்றில் மட்டும். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஏனம்மிணி, உங்க வாத்தியாரு எந்த ஊருங்க?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டாவது போர் போட்டபோது எங்கள் அம்முச்சியின் ஏழு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. போர் பொய்த்துப்போனது, சங்கிலி திரும்பவே இல்லை. எங்கள் வீட்டில் தண்ணீருக்கும் தங்கத்துக்கும் நேரடியாக ஒரு மாற்று விகிதம் இருந்திருக்கிறது! ஸ்மித்துக்கு இது தெரிய வழியில்லை.

அன்றைக்கு அப்பிச்சி ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பேசினார். அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். விலை, செலவு, மானியம் என்று வகுப்பில் படிப்பதெல்லாம் நம் ஊர்க் கிணற்று மேட்டிலேயே நடந்திருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது, இதை ஏன் யாரும் நமக்குச் சொல்லவில்லை என்று.

முதலில் இடத்தைப் பற்றி. கோவைச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டும். இந்தப் பக்கம் வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் பெய்தால் அதிகம். பவானியும் ஆழியாறும் காலிங்கராயன் வாய்க்காலும் பாயும் இடங்களை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் கிணற்றுப் பாசனம். கீழே கெட்டிப் பாறை. அதனால் கிணறு என்பது தோண்டுகிற விஷயமில்லை, பாறைக்கு வேட்டு வைத்து உடைத்து இறக்குகிற விஷயம். ஒரு தலைமுறை சேர்த்த பணம் அதில் போகும். தண்ணீர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தப் பணம் போனது போனதுதான். பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயர் மாறாச் செலவு.

மாறும் செலவு எது? அந்தக் காலத்தில் மாடு. கிணற்று மேட்டிலிருந்து சரிவாக இறங்கும் பாதையில் இரண்டு மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு கீழே நடக்கும், சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். வாய்க்காலில் கொட்டியதும் மாடுகள் பின்னோக்கி நடந்து மேடேறும். மறுபடியும் இறக்கம். இதற்குக் கவலை என்று பெயர். (பெயர் வைத்தவர் அனுபவஸ்தர் :-) ) அப்பிச்சி சின்னப் பையனாக இருந்தபோது விடிகாலை மூன்று மணிக்குக் கவலை பூட்டி, வெயில் ஏறும் வரை இறைப்பார்களாம். ஒவ்வொரு சாலுக்கும் மாட்டுக்கு வேர்க்கும், ஆளுக்கும் வேர்க்கும். இன்னும் பத்துச் சால் இறைக்கலாமா என்று அவர்கள் யோசித்தபோது, அந்தப் பத்துச் சாலால் பயிருக்குக் கிடைப்பதையும் மாடு படும் பாட்டையும் மனசுக்குள் எடை போட்டுத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். இறுதிநிலைச் செலவு, இறுதிநிலைப் பயன் இரண்டும் சமமாகும் இடத்தில் நிறுத்து என்று நமக்கு வரைபடம் போட்டுச் சொல்லித்தருகிறார்கள். அவர்களுக்கு மாட்டின் நுரை தள்ளிய வாயே வரைபடம். கவலையில் பூட்டிய மாட்டை அதே நேரத்தில் உழவுக்கோ வண்டிக்கோ பூட்ட முடியாது. அதுதான் வாய்ப்புச் செலவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாட்டால் ஒரு நாளைக்கு எடுக்க முடிந்த தண்ணீருக்கு ஓர் எல்லை உண்டு. அதனால் ராத்திரியெல்லாம் கிணறு ஊறிக்கொள்ளும். யாரும் திட்டம் போடவில்லை, சட்டம் போடவில்லை. மாட்டின் களைப்புதான் கிணற்றைக் காப்பாற்றியது.

1932ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. கோவையின் சரித்திரத்தை இதற்கு முன், இதற்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்கலாம். பஞ்சாலைகள் மளமளவென்று முளைத்த கதையை எல்லாரும் எழுதியாயிற்று, அதனால் அதைத் தாண்டிப் போகிறேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1930களில் உலகம் முழுக்க மந்தம், விளைபொருள் விலை சரிந்தது. நிலத்திலும் வட்டிக்கு விடுவதிலும் போட்டுக்கொண்டிருந்த பணத்தை நம் ஊர்ப் பணக்காரர்கள் ஆலைகளுக்கு மாற்றினார்கள். 1937ல் பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடு, ஜி.டி. நாயுடுவின் யூ.எம்.எஸ். பட்டறையில் இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டாரைத் தயாரித்தார். மின்சாரம் வந்தது, மோட்டாரும் வந்தது, ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான கிணறுகளும் ஏற்கனவே இருந்தன. நிரப்புப் பொருட்களுக்கு நான் பரீட்சையில் எழுதியது பேனாவும் மையும். நம் ஊர் உதாரணம் கரண்டும் மோட்டாரும். ஒன்று மலிவானால் மற்றதற்குக் கிராக்கி கூடும். நாட்டின் பம்ப்செட்டுகளில் பாதி கோவையில்தான் தயாராகிறது என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோமே, அதன் வேர் இந்த வறண்ட கிணறுகளில் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு கிராமங்களுக்கு மின்சாரம் பரவியது. 1957ல் மின்வாரியம் உருவானது. 1960களின் முடிவில் இந்தியாவிலேயே மின் பம்ப்செட்டுகள் மிக அதிகமாக இருந்த மாநிலங்களில் ஒன்று நம்முடையது. அப்பிச்சி வீட்டுக் கவலை மாடுகள் விற்கப்பட்டு ஐந்து எச்.பி. மோட்டார் வந்தது. வேர்வைக்குப் பதில் மீட்டர். மாறும் செலவு மாட்டிலிருந்து யூனிட்டுக்கு மாறியது.

இங்கேதான் அந்த ஒரு பைசா வருகிறது.

1970ல் அரசு விவசாய மின்கட்டணத்தை உயர்த்தியது. யூனிட்டுக்கு ஓரிரு பைசா. கோவை மாவட்டத்து விவசாயிகள் எதிர்த்து எழுந்தார்கள். தலைமை சி. நாராயணசாமி நாயுடு, வையம்பாளையத்துக்காரர். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். என் பெரியம்மா ஊர் அந்தப் பக்கம்தான். அந்த வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன், அங்கே அவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் இருப்பதைப் போன வருஷம் வரை கவனித்ததே இல்லை. 1972ல் மறுபடி கட்டண உயர்வு, மறுபடி போராட்டம். விவசாயிகள் மாட்டு வண்டிகளைப் பூட்டிக்கொண்டு கோவை நகருக்குள் வந்து ரோடுகளை அடைத்து நிறுத்திவிட்டார்கள். ஊரே நின்றுபோனது. அந்த ஜூலை 5 அன்று மாநிலத்தின் பல இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த நாளை இப்போதும் தியாகிகள் தினமாக விவசாயிகள் சங்கங்கள் அனுசரிக்கின்றன.

ஒரு பைசாவுக்கா உயிரை விட்டார்கள்? முதலில் படித்தபோது எனக்கும் இப்படித்தான் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு தோன்றவில்லை.

போடுங்கள். ஐந்து எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் குறைந்தது 3.7 யூனிட். நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் 37 யூனிட். வருஷத்தில் 200 நாள் இறைத்தால் 7,400 யூனிட். யூனிட்டுக்கு ஒரு பைசா கூடினால் வருஷத்துக்கு 74 ரூபாய். 1970ல் பத்து கிராம் தங்கம் ஏறக்குறைய 184 ரூபாய். அப்படியானால் 74 ரூபாய் என்பது நாலு கிராம், அதாவது அரைப் பவுன். ஒரு பைசா, வருஷத்துக்கு அரைப் பவுன்! இரண்டு பைசா என்றால் ஒரு பவுன். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒரு பைசாதானே என்று யாராவது சொல்கிறார்களா பார்ப்போம்.

விலையை எப்போதும் அளவோடு பெருக்கித்தான் பார்க்க வேண்டும் என்பது இதில் முதல் பாடம். இரண்டாவது இன்னும் முக்கியம். ஒரு மில் முதலாளிக்குக் கரண்டு பில் கூடினால் நூல் விலையில் கொஞ்சம் ஏற்றப் பார்க்கலாம். பருத்தியோ மஞ்சளோ விளைவிப்பவர் அப்படிச் செய்ய முடியாது. அவர் மாதிரி லட்சம் பேர் அதே சரக்கோடு மண்டிக்கு வருகிறார்கள். சொல்லப்பட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். நிறைவுப் போட்டிக்குப் புத்தகம் காட்டும் உதாரணம் விவசாயம்தான், ஆனால் அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு கையாலாகாத்தனம் இருக்கிறது என்று அது சொல்வதில்லை. இறைப்பதைக் குறைக்கலாம் என்றால், நட்ட பயிர் நிற்கிறது. பாதியில் தண்ணீரை நிறுத்தினால் போட்டதெல்லாம் போயிற்று. நெகிழ்ச்சியற்ற தேவை. விலை கூடினாலும் வாங்கியே ஆகவேண்டிய நிலை. ஆக, ஏறிய பைசா முழுவதும் அவர் தலையிலேயே விழுந்தது.

மான்கர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1965ல் ஒரு புத்தகம் எழுதினார். பெரிய கூட்டங்கள் சுலபத்தில் ஒன்று சேராது, மற்றவன் போராடட்டும் பலன் நமக்கும் வரும் என்று ஒவ்வொருவரும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். அப்படியானால் கோவை விவசாயிகள் எப்படிச் சேர்ந்தார்கள்? என் ஊகம் இது: மீட்டர் அவர்களைச் சேர்த்தது. சந்தை விலை விழுந்தால் யாரைத் திட்டுவது என்று தெரியாது. மழை பெய்யாவிட்டால் சாமியைத்தான் திட்ட முடியும். மின்கட்டணம் அப்படி இல்லை, எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரி பில், ஒரே முகவரியிலிருந்து. எதிராளி யார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. (தப்பென்றால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.)

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1984ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமானது. மற்றவர்களுக்கு மீட்டரைப் பார்க்காமல் மோட்டாரின் குதிரைத்திறனை வைத்து ஒரே தொகை. அந்த ஆண்டு டிசம்பரில் நாராயணசாமி நாயுடு காலமானார். 1970லும் 72லும் முதல்வராக இருந்த மு. கருணாநிதி 1989ல் மறுபடி முதல்வரானார். அந்த ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் முழுக்க இலவசமானது. 2003ல் ஜெயலலிதா அரசு மறுபடி கட்டணம் போட்டுப் பார்த்தது. 2004 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தில் ஒரு தொகுதி கூடக் கிடைக்காமல் தோற்றதும் அந்தக் கட்டணம் போய்விட்டது. அதற்கப்புறம் எந்தக் கட்சியும் தொடவில்லை. தொடவும் மாட்டார்கள்.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். மீட்டர் போய், வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வந்ததே, அப்போதே இறுதிநிலைச் செலவு பூஜ்யமாகிவிட்டது. இலவசம் ஆனபோது அல்ல! இதை நான் புரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் ஆயிற்று. மெஸ்ஸில் மாசத்துக்கு இவ்வளவு என்று கட்டிவிட்ட பிறகு நாலாவது தோசைக்கு யார் யோசிக்கிறார்கள்? அதே கதை. இன்னும் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் கூடுதலாக ஒரு பைசாவும் ஆகாது என்றால், ஓடட்டும்.

ஓடியது. மும்முனை மின்சாரம் எந்த நேரம் வரும் என்று தெரியாததால் ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தாலும் மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்கும். ஆள் தூங்கிக்கொண்டிருப்பார், தண்ணீர் வாய்க்காலில் போய்க்கொண்டிருக்கும். கவலை மாட்டுக்குக் களைப்பு வரும், மோட்டாருக்கு எங்கே வருகிறது? கிணறு ஊறிக்கொள்ள இருந்த ராத்திரிகளும் போயின.

தண்ணீர் கீழே போனது. நாற்பதடி, அறுபதடியில் இருந்த கிணறுகள் வற்றின. கிணற்றுக்குள்ளேயே போர் போட்டார்கள், பக்கவாட்டில் துளை போட்டார்கள். பிறகு தோட்டத்து மூலையில் தனி ஆழ்துளைக் கிணறு. 300 அடி, 500 அடி, இப்போது ஆயிரம் அடி என்பது எங்கள் பக்கம் சாதாரணப் பேச்சு. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளைத் தெரியாதவர் உண்டா? இந்தியா முழுக்கப் போய்க் குழி போடுகிறார்கள். அந்த வண்டிக்காரரிடம் விலை கேட்டுப் பாருங்கள், இறுதிநிலைச் செலவை இதைவிட அழகாக யாரும் விளக்க முடியாது. முதல் முந்நூறு அடிக்கு அடிக்கு இவ்வளவு, அதற்குக் கீழே போகப் போக ஒவ்வொரு நூறடிக்கும் ரேட் ஏறும். கூடுதலாக ஓரடி போக என்ன செலவு என்பது வெள்ளைத் தாளில் எழுதிக் கையில் கொடுக்கப்படுகிறது.

அங்கேதான் அம்முச்சியின் சங்கிலி போனது. எழுநூறு அடியில் புழுதி மட்டும் பறந்ததாம். வண்டிக்காரர் நிறுத்திடலாங்களா என்று கேட்டிருக்கிறார். இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் நூறடி பார்த்துடலாம் என்று அப்பிச்சி சொன்னார். பிறகு இன்னும் நூறு. போன செலவை நினைத்து வருகிற செலவை முடிவு செய்யக்கூடாது என்று நாம் மூழ்கிய செலவைப் பற்றி ஒரு வரியில் எழுதுகிறோம். அந்த ராத்திரி வண்டி போட்ட சத்தத்தில், ஊரே கூடி நின்று பார்க்க, அந்த ஒரு வரியை யாரால் கடைப்பிடிக்க முடியும் என்று தெரியவில்லை. என்னால் முடியாது.

பூஜ்ய விலையின் தந்திரம் எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். செலவு எங்கும் ஓடிப்போகவில்லை, இடம் மாறிக்கொண்டது. மின்சார பில்லில் இருந்த செலவு, போர் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஆயிரம் லிட்டரை அறுபதடியிலிருந்து தூக்க இயற்பியல் கணக்குப்படி 0.05 யூனிட் போதும். அதையே ஆயிரம் அடியிலிருந்து தூக்க 0.8 யூனிட்டுக்கு மேல் வேண்டும். பதினாறு, பதினேழு மடங்கு. மோட்டாரிலும் குழாயிலும் வீணாவதைச் சேர்த்தால் இரண்டுமே கூடும். அதற்கான பணத்தை அரசு மின்வாரியத்துக்கு மானியமாகக் கொடுக்கிறது, வருஷத்துக்குப் பல ஆயிரம் கோடி. அதற்கும் வாய்ப்புச் செலவு உண்டு. ஏரி தூர்வாரவோ ஆஸ்பத்திரி கட்டவோ அந்தப் பணம் போயிருக்கலாம். விலை இல்லாத சரக்குக்கு வரிசை நிற்க வேண்டும் என்பதும் இங்கே உண்மை. இலவச இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் லட்சக்கணக்கில். ஏற்கனவே இணைப்பும் ஆழமான போரும் வைத்திருப்பவருக்கு இலவசம் முழுசாகக் கிடைக்கிறது. கிணறு வற்றிப்போய், போர் போடவும் வசதி இல்லாத சின்ன விவசாயிக்கு இலவச மின்சாரத்தால் என்ன லாபம்? எடுக்கத் தண்ணீரே இல்லையே.

சரி, எல்லாருமாகச் சேர்ந்து கொஞ்சம் குறைத்து எடுக்கலாமே? 1968ல் கேரட் ஹார்டின் எழுதிய பொதுச் சொத்தின் அவலம் என்ற கட்டுரையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு ஒரு மாட்டைக் கூடுதலாக விடுவார்கள், நிலம் மொட்டையாகும். நிலத்தடி நீர் அதைவிட மோசம், ஏனென்றால் கண்ணுக்கே தெரியாது. நம் சட்டப்படி அவரவர் நிலத்துக்குக் கீழே உள்ள தண்ணீரை அவரவர் எடுத்துக்கொள்ளலாம், 1882ன் வசதியுரிமைச் சட்டத்திலிருந்து வருகிற வழக்கம். ஆனால் பாறை வெடிப்புக்குள் ஓடும் தண்ணீருக்குப் பட்டா தெரியாது. நான் எடுக்காவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எடுப்பார். அவரும் என்னைப் பற்றி அதையேதான் நினைக்கிறார். அப்பிச்சி சொன்னது: "நாம நிறுத்துனா தண்ணி மிஞ்சாது அம்மிணி, அவங்களுக்குப் போகும்." புறவிளைவு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் படித்ததில்லை. நான் இறைப்பதால் பக்கத்துக் கிணறு இறங்குகிறது, அந்தச் செலவு என் கணக்கில் வருவதே இல்லை.

எலினோர் ஆஸ்ட்ரம் 2009ல் பொருளாதார நோபல் வாங்கினார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். அவருடைய 1965 முனைவர் பட்ட ஆய்வு எதைப் பற்றி என்று பார்த்தால், கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்து நிலத்தடி நீர்! அங்கேயும் போட்டி போட்டு இறைத்து, கடல் நீர் உள்ளே வர ஆரம்பித்திருந்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போய், பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று அளவு வைத்துக்கொண்டார்கள். ஹார்டின் சொன்ன மாதிரி நிலம் மொட்டையாகியே தீரும் என்று விதி ஒன்றுமில்லை என்பது ஆஸ்ட்ரமின் வாழ்நாள் வேலை. ஆனால் அங்கே இறைத்தவர்களில் நகராட்சிகளும் பெரிய கம்பெனிகளும் இருந்தார்கள், எண்ணிவிடலாம். தமிழ்நாட்டில் இலவச மின்சாரத்தில் ஓடும் விவசாய மோட்டார்கள் 20 லட்சத்துக்கும் மேல். இங்கே 2003ல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் வந்தது, நடைமுறைக்கே வராமல் 2013ல் ரத்தானது. கோவை, திருப்பூர் மாவட்டங்களின் பல ஒன்றியங்கள் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பட்டியலில் ஊறுவதைவிட அதிகமாக எடுக்கும் பகுதிகளாக இருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் இலவச மின்சாரத்தை நிறுத்தச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். நகரத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மண்டியில் விலை சொல்ல முடியாத ஆளிடம் போய், செலவை மட்டும் சரியான விலையில் கொடு என்று சொல்வது பாதிப் பொருளாதாரம். 1970ல் பெருமாநல்லூரில் நின்றவர்கள் கேட்டது இலவசமே இல்லை, கட்டுகிற மாதிரி ஒரு விலை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பதினைந்து இருபது வருஷம் இழுத்து, கடைசியில் விலையே வேண்டாம் என்று முடித்தது அரசியல். மீட்டரை எடுத்ததுதான் தப்பு என்று நான் நினைக்கிறேன். மானியத்தைப் பணமாகவே கையில் கொடுத்துவிட்டு, மீட்டரை ஓடவிட்டிருந்தால், இறைக்காமல் மிச்சம் பிடித்த ஒவ்வொரு யூனிட்டும் விவசாயிக்கு லாபமாக இருந்திருக்கும். அப்பிச்சியிடம் இதைச் சொன்னேன். "மொதல்ல மீட்டரு வைப்பாங்க, அப்புறம் பணத்த நிறுத்திருவாங்க" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு போலிருக்கிறது, அதை எந்த வரைபடத்தில் குறிப்பது?

2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கியது. பல தலைமுறைக் கோரிக்கை. பவானியின் உபரி நீர் ஒன்றரை டி.எம்.சி.யை எடுத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பி, நிலத்தடி நீரை ஏற்றுவது. செலவு சுமார் 1,916 கோடி. தண்ணீர் தானாக ஏறி வராது, வழியில் ஆறு நீரேற்று நிலையங்கள் இருக்கின்றன. மின்சாரம் போட்டுக் கீழேயிருந்து எடுத்ததை ஈடுகட்ட, மின்சாரம் போட்டு மேலேயிருந்து கொண்டுவருகிறோம்.

எங்கள் ஊர்க் குட்டைக்கும் தண்ணீர் வந்தது. வந்து கொஞ்ச நாளில் அப்பிச்சி போன் பண்ணினார். வற்றிக் கிடந்த பழைய கிணற்றில், ரொம்ப வருஷத்துக்குப் பிறகு, அடியில் தண்ணீர் தெரிகிறதாம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அம்முச்சியும் பின்னாலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணப் போறீங்க அப்பிச்சி?" என்று கேட்டேன்.

"பழைய மோட்டார எறக்கலாம்னு பாக்கறேன். கீழ்த்தோட்டத்துக்காரங்க போன வாரமே எறக்கிட்டாங்க."